பழைய மர அவுட்போர்டு பந்தயப் படகு: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

அமெரிக்காவில் 1930-களிலிருந்து 1950-களின் இறுதி வரை அவுட்போர்டு (படகின் பின்பலகைக்கு வெளியே தொங்கும் எஞ்சின்) பந்தயங்களில் ஓடிய மரப் படகுகளையும், வடிவமைப்பாளர் ஹால் கெல்லி போன்றோரின் வரைபடங்களை வைத்து இன்று புதிதாகக் கட்டப்படும் அதே வகைப் படகுகளையும் பற்றியது இந்த வழிமுறை. தட்டையான அடித்தளம் கொண்ட ரன்னபவுட், முன்பக்கம் இருபுறமும் ஸ்பான்சன் எனப்படும் மிதவைகள் கொண்ட மூன்று புள்ளி ஹைட்ரோபிளேன் ஆகிய இரண்டும் இதில் அடங்கும். ஓட்டுபவர் மண்டியிட்டு ஓட்டும் இந்தப் படகுகள் மிக இலேசானவை என்பதால், பெரிய படகில் கண்ணுக்கே தெரியாத குறை இவற்றில் உடனே நடத்தையாக வெளிப்பட்டுவிடும்.

விஸ்கான்சின் மாநிலத்து ஏரிக்கரை ஒன்றில் நண்பருடைய கொட்டகையில் பல கோடைகளாக இத்தகைய படகுகளுக்குக் கைகொடுத்து வருகிறேன். கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் எஞ்சினைத்தான் குற்றம் சொல்வார்கள். நாங்கள் எஞ்சின் மூடியைக் கழற்றுவதற்கு முன் படகைக் கவிழ்த்துப் போட்டு, அடித்தளத்தில் ஐந்தடி நீள நேர்கோலை வைத்துப் பார்ப்போம். பாதிக் கதை அங்கேயே முடிந்துவிடும்.

சோதனை ஓட்டத்துக்கு முன் சில கட்டாயங்கள் உண்டு. கையை விட்டதும் தானே மூடிக்கொள்ளும் திராட்டில் பிடி, ஓட்டுபவர் வெளியே விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிறு, உயிர்காப்புச் சட்டை, தலைக்கவசம், அருகில் ஆளோடு இன்னொரு படகு ஆகிய அனைத்தும் இருக்க வேண்டும். ஒரு ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் இடையில் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, அதை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். எஞ்சின் உயரத்தையும் புரொப்பெல்லரையும் ஒன்றாக மாற்றிவிட்டு எது வேலை செய்தது என்று தேடி, நானே இரண்டு சனிக்கிழமைகளை இழந்திருக்கிறேன்.

1. மூக்கு எழுந்தெழுந்து விழுகிறது

ஓங்கில் (டால்பின்) துள்ளுவதுபோல மூக்கு சீரான இடைவெளியில் மேலெழுந்து கீழே விழுகிறதா என்று பாருங்கள். அலையே இல்லாத தண்ணீரிலும் அப்படித் துள்ளினால் கீழ்க்கண்ட வரிசையில் செல்லுங்கள்.

*திராட்டிலைச் சற்றுக் குறைத்தால் நின்றுவிடுகிறது என்றால்:* எஞ்சின் வெளிப்புறமாகச் சாய்ந்திருக்கிறது. சாய்வு ஊசியை ஒரு துளை உள்ளே மாற்றுங்கள். துளைகளுக்கு இடையிலான தூரம் அதிகமாக இருந்தால், பின்பலகைக்கும் எஞ்சின் பிடிக்கும் நடுவில் மெல்லிய ஆப்பு ஒன்றை வைத்துச் சோதிக்கலாம். படகை நிலத்தில் வைத்து, புரொப்பெல்லர் தண்டு அடித்தளத்துக்கு இணையாக இருக்கும் நிலையைக் கோலால் அளந்து, அதைத் தொடக்க நிலையாக வைத்துக்கொள்வது நல்லது.

*ஓட்டுபவர் முன்னால் நகர்ந்தால் நின்றுவிடுகிறது என்றால்:* எடை பின்னால் இருக்கிறது. முழங்கால் மெத்தையை இரண்டிரண்டு அங்குலமாக முன்னே நகர்த்தி, தரையில் நாடா ஒட்டி இடத்தைக் குறியுங்கள். எரிபொருள் தொட்டியையும் முன்னே கொண்டுபோகலாம். செலவே இல்லாத இந்த மாற்றத்தைத்தான் பலரும் கடைசியில் செய்கிறார்கள்.

*இரண்டுக்கும் அடங்கவில்லை என்றால்:* படகைக் கவிழ்த்து, பின்பலகையிலிருந்து முன்னோக்கி நேர்கோலை வையுங்கள். நடுவில் ஒரு கோடு, இரு பக்கமும் இரண்டிரண்டு கோடுகள் என ஐந்து இடங்களில் பார்க்க வேண்டும். கோலின் நடுப்பகுதி மரத்தைத் தொட்டு இரு நுனிகளும் தூக்கி நின்றால் அடித்தளம் வெளிப்பக்கம் புடைத்திருக்கிறது என்று பொருள். வேகமாக ஓடும்போது படகு அந்தப் புடைப்பின் மேல் ஊஞ்சல்போல ஆடும். கடைசி நான்கு அடியில் எட்டில் ஒரு அங்குலப் புடைப்பு இருந்தாலே போதும்.

புடைப்புக்கு மரம் மட்டும் காரணமல்ல. குளிர்காலம் முழுவதும் டிரெய்லரில் இரண்டே கட்டைகளின் மேல், கட்டுப்பட்டைகளை இறுக்கி நிறுத்தப்பட்ட படகு அந்தக் கட்டைகளுக்கு ஏற்றபடி வளைந்துவிடும். புதிதாக வளைந்ததாக இருந்தால், கவிழ்த்த படகை நேரான இரு சட்டங்களின் மேல் சில வாரங்கள் விட்டுவைத்தால் ஓரளவு திரும்பும். திரும்பாவிட்டால் பள்ளமான இடத்தை நிரப்புத்தூள் கலந்த எபாக்சிப் பிசினால் நிரப்பி, நீளமான தேய்ப்புப் பலகையால் சமன்செய்யலாம். புடைப்பை இழைத்து எடுக்கும் எண்ணம் வேண்டாம். அடித்தளத்துப் பிளைவுட் பெரும்பாலும் கால் அங்குலத்துக்கு மேல் இருக்காது. வெளி அடுக்கை இழைத்துவிட்டால் மிஞ்சுவது பலமற்ற நடு அடுக்குதான்.

*மரவேலை வல்லுநரை அழைக்க வேண்டிய கட்டம்:* உள்ளே நீளவாக்கில் ஓடும் சட்டமே முறிந்திருந்தால், அல்லது புடைப்பு கால் அங்குலத்தைத் தாண்டினால்.

2. மூக்கு தண்ணீரை உழுதுகொண்டே ஓடுகிறது, வேகம் ஏறவில்லை

முந்தியதற்கு நேரெதிரான குறை இது. முதலில் சாய்வு ஊசியை ஒரு துளை வெளியே மாற்றுங்கள். அடுத்து ஓட்டுபவரைப் பின்னால் நகர்த்துங்கள். பிறகு நேர்கோலை வையுங்கள். கோலின் இரு நுனியும் தொட்டு, பின்பலகைக்கு முன் நடுவில் இடைவெளி தெரிந்தால் அடித்தளம் உள்வாங்கியிருக்கிறது. பின்விளிம்பு கீழ்நோக்கி வளைந்து, தண்ணீரைக் கீழே தள்ளி, மூக்கை அழுத்துகிறது. பதினாறில் ஒரு அங்குலம் வளைந்தாலே ஓட்டுபவருக்குத் தெரியும்.

அடித்தளம் நேராக இருந்தும் வேகம் இல்லையென்றால் ஒரு கணக்குப் போடுங்கள். புரொப்பெல்லர் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகளை, அதன் பிட்ச் (ஒரு சுற்றில் வழுக்காமல் முன்னேற வேண்டிய தூரம்) அளவால் அங்குலத்தில் பெருக்கி, 1056-ஆல் வகுத்தால் வழுக்கலே இல்லாதபோது படகு மணிக்கு எத்தனை மைல் ஓட வேண்டும் என்பது கிடைக்கும். 6000 சுற்று, 11 அங்குலப் பிட்ச் என்றால் 62.5 மைல். கைபேசியின் ஜிபிஎஸ் 55 மைல் காட்டினால் வழுக்கல் 12 விழுக்காடு, குறை சொல்ல ஒன்றுமில்லை. 44 மைல்தான் காட்டுகிறது என்றால் வழுக்கல் 30 விழுக்காடு. அப்போது புரொப்பெல்லரையோ எஞ்சின் உயரத்தையோ பார்க்க வேண்டும். எஞ்சின் சுற்றே ஏறாமல் திணறினால் பிட்ச் அதிகம், அல்லது ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. அதற்கு எட்டாம் பகுதிக்குச் செல்லுங்கள்.

3. எஞ்சின் அலறுகிறது, படகு முன்னேறவில்லை

புரொப்பெல்லர் தண்ணீரைப் பிடிக்காமல் காற்றைச் சுற்றுகிறது. இந்த நிலையில் எஞ்சின் கட்டுக்கடங்காமல் சுற்றும். எழுபது வயதான கனெக்டிங் ராடு அதைத் தாங்கும் என்று நம்ப வேண்டாம், திராட்டிலை உடனே விடுங்கள்.

*நேரோட்டத்திலும் நிகழ்கிறது என்றால்* எஞ்சின் மிக உயரத்தில் இருக்கிறது. பந்தயக் காலப் புகைப்படங்களைப் பார்த்து அதே உயரத்தில் மாட்டிவிடுகிறார்கள். அந்த உயரம் அன்றைய பந்தயப் புரொப்பெல்லருக்கும், மெர்குரி நிறுவனத்தின் குவிக்சில்வர் போன்ற மெல்லிய பந்தயக் கீழ்ப்பகுதிக்கும் உரியது. மீன்பிடிப் படகுக்கான சாதாரணக் கீழ்ப்பகுதியை மாட்டியிருந்தால், புரொப்பெல்லருக்கு மேலே உள்ள கிடைத்தகடு அடித்தளத்தோடு சமமாகவோ சற்றுக் கீழாகவோ இருக்கும்படி தொடங்கி, கால் கால் அங்குலமாக உயர்த்துங்கள். அலறல் தொடங்கும் உயரத்திலிருந்து ஒரு படி இறக்கினால் அதுவே உங்கள் உயரம்.

உயரம் சரியாக இருந்தும் அலறினால் பின்பலகையின் கீழ்விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். அங்கே தண்ணீர் மரத்தை விட்டுச் சட்டென்று பிரிய வேண்டும் என்பதால் விளிம்பு கத்திபோலக் கூர்மையாக இருக்க வேண்டும். பல தடவை பூசிய வார்னிஷும், பழுது பார்த்தவர் அழகுக்காக உருட்டித் தேய்த்ததும் சேர்ந்து விளிம்பை மழுக்கிவிடும். மழுங்கிய விளிம்பில் தண்ணீர் மேலேறிச் சுருண்டு, காற்றோடு கலந்து புரொப்பெல்லருக்குப் போகும். விளிம்பில் மெழுகு தடவிய தகட்டை வைத்து, எபாக்சியை நிரப்பி, காய்ந்ததும் சதுரமாகத் தேய்த்தால் போதும். மிக நல்ல படகுகளை இந்த ஒரு சின்னக் குறை பாழாக்கியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். வீட்டு மேசைக்கு விளிம்பு உருட்டும் தச்சர் கை, பந்தயப் படகுக்கு ஆகாது.

*திருப்பத்தில் மட்டும் நிகழ்கிறது என்றால்* ஃபின் தகட்டை, அதாவது திருப்பத்தில் படகு வழுக்காமல் பிடிக்க அடியில் செங்குத்தாக மாட்டிய தகட்டை, பாருங்கள். அது புரொப்பெல்லருக்கு நேர் முன்னால் இருந்தால், தான் இழுத்துவரும் காற்றுக் குமிழியைப் புரொப்பெல்லருக்கே ஊட்டும். பக்கவாட்டில் சில அங்குலம் தள்ளி மாட்டுங்கள்.

*புரொப்பெல்லரே காரணமா என்று அறிய:* சமதளமான கண்ணாடியின் மேல் அதைக் கவிழ்த்து வைத்து, ஒவ்வோர் இதழின் நுனி உயரத்தையும் அளந்து ஒப்பிடுங்கள். விளிம்பில் சிறு பல் விழுந்திருந்தால் மெல்லிய அரத்தால் தேய்த்துக்கொள்ளலாம். இதழ் வளைந்திருந்தால் சுத்தியலைத் தொடாதீர்கள். பழைய வெண்கலப் பந்தயப் புரொப்பெல்லர்கள் கிடைப்பது அரிது. அவற்றைப் புரொப்பெல்லர் செப்பனிடும் பட்டறையில் கொடுப்பதே சரி.

4. திருப்பத்தில் பின்புறம் வழுக்கிச் சுழல்கிறது, அல்லது படகு திரும்ப மறுக்கிறது

அமெரிக்கப் பந்தயத் தடங்களில் திருப்பங்கள் இடப்பக்கமே வரும். எனவே படகு இடப்பக்கம் திரும்புவதற்காகவே ஒழுங்கு செய்யப்பட்டிருக்கும். ஃபினும் பெரும்பாலும் இடப்பக்கம் தள்ளியே இருக்கும். வலப்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘படகு ஆபத்தானது’ என்று வருபவர்கள் உண்டு. வலப்பக்கம் அதை மெதுவாகத்தான் திருப்ப வேண்டும். அது பழுதன்று.

இடப்பக்கத் திருப்பத்திலும் பின்புறம் சட்டென்று வீசிச் சுழன்றால் ஃபின் மிக முன்னால் இருக்கிறது. படகு அதை அச்சாகக் கொண்டு சுற்றுகிறது. சுக்கானைத் திருப்பியும் நேரே போனால் ஃபின் மிகப் பின்னால் இருக்கிறது. இடம் மாற்றும் முன் ஃபினைக் கழற்றி மேசைமேல் வைத்துப் பாருங்கள். டிரெய்லரில் ஏற்றும்போது இடித்து வளைந்திருப்பது அடிக்கடி நடக்கும். முன்விளிம்பு கூராக இருக்க வேண்டும். பிடிக்கும் போல்ட்டுகளும் தளரக் கூடாது.

வெளிப்பக்க விளிம்பு தண்ணீரைக் குத்திப் பிடித்துப் படகைக் கவிழ்க்கப் பார்க்கிறது என்றால் நிலைமை வேறு. அடித்தளமும் பக்கப் பலகையும் சேரும் இடத்தில் சாய்வாக வெட்டிய ஒரு தளம் வரைபடத்தில் இருக்கும். படகு பக்கவாட்டில் நழுவும்போது விளிம்பு தண்ணீரில் மாட்டாமல் ஏறி வழுக்குவதற்காக உள்ளது அது. புதிதாகக் கட்டுபவர்கள் வேலை மிச்சம் என்று அதை விட்டுவிடுகிறார்கள். அப்படிக் கட்டிய படகை ஓட்டாதீர்கள். பக்கத்தைத் திறந்து மீண்டும் கட்டுவதற்குப் படகு கட்டத் தெரிந்தவர் வேண்டும்.

5. ஹைட்ரோபிளேனின் மூக்கு காற்றில் மிதக்கிறது

1930-களில் நியூ ஜெர்சி மாநிலத்து வென்ட்னரில் ஏபெல் குடும்பத்தாரின் பட்டறையில் உருப்பெற்ற மூன்று புள்ளி வடிவம், முன்னே இரு ஸ்பான்சன்களின் மேலும் பின்னே ஒரு சிறு தளத்தின் மேலும் ஓடுவது. ஸ்பான்சன்களுக்கு இடையே சிக்கும் காற்று மூக்கைத் தாங்கும். வேகத்தின் இரகசியமும் ஆபத்தும் அதுவே. 1958-இல் சியாட்டிலின் வாஷிங்டன் ஏரியில் பந்தய ஓட்டுநர் ஹூ என்ட்ராப் அவுட்போர்டில் மணிக்கு 107 மைலைத் தாண்டியது வரலாறு. ஆனால் 20 கன அங்குல எஞ்சின் கொண்ட சிறு படகும் தலைகீழாகப் புரள அதில் பாதி வேகம் போதும்.

இந்த அறிகுறிக்குச் சோதனை ஓட்டத்தைத் தொடராதீர்கள். கரைக்கு வந்து பாருங்கள்.

முதலில் காற்று. 50 மைல் வேகத்தில் ஓடும் படகுக்கு எதிரே 15 மைல் காற்று வீசினால், படகு உணர்வது 65 மைல். தூக்கும் விசை வேகத்தின் இருபடியில் ஏறுவதால் அது ஏறக்குறைய 70 விழுக்காடு கூடிவிடும். அமைதியான காலையில் ஒழுங்காக ஓடிய படகு மதியம் மிதப்பதற்கு வேறு காரணமே தேவையில்லை. அடுத்து, எஞ்சின் சாய்வை உள்ளே கொண்டுவாருங்கள். மூன்றாவதாக, ஓட்டுபவர் முன்னே நகரட்டும். அந்தக் காலத்தில் ஓட்டியவர்கள் பலர் இன்றைய நம்மைவிட இலேசானவர்கள். வரைபடம் குறித்த இடத்தில் இன்றைய உடல் மண்டியிட்டால் எடை நடுப்புள்ளி பின்னால் போய்விடும்.

இவை மூன்றும் பயன்தராவிட்டால் ஸ்பான்சன் தளத்தின் ஏறுகோணத்தை அளக்க வேண்டும். படகின் பின்தளத்தை மட்டத்தில் வைத்து, இரு ஸ்பான்சன்களையும் கோணமானியால் அளந்து வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று வேறுபட்டிருந்தால் படகு முறுக்கிக்கொண்டிருக்கிறது. ஸ்பான்சனை மாற்றிக் கட்டும் வேலையை முதல் படகு கட்டுபவர் தனியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. இதில் பிழை செய்தால் அது தெரியவருவது முழு வேகத்தில்தான்.

6. ரன்னபவுட் இடமும் வலமும் மாறிமாறிச் சாய்கிறது

சுக்கான் கம்பி தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கம்பி, கப்பி, இழுவிசை காக்கும் சுருள்வில் ஆகியவற்றை வரிசையாகக் கையால் இழுத்துப் பாருங்கள். பிறகு எஞ்சினின் கீழ்ப்பகுதியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் சுழல்தண்டின் புஷ் தேய்மானம் தெரியும். கம்பியின் பிளாஸ்டிக் உறை வெடித்து உள்ளே துரு தெரிந்தால் அன்றே மாற்றிவிடுங்கள். இரண்டும் சரியென்றால் எஞ்சினை கால் அங்குலம் இறக்குங்கள். அதன் பிறகும் ஆடினால் ஒன்றாம் பகுதியின் நேர்கோல் சோதனைதான். இடப்பக்க அளவும் வலப்பக்க அளவும் ஒத்துப்போகாது.

7. தண்ணீர் கசிகிறது

மரப் படகு கசியத்தான் செய்யும் என்று இருந்துவிடக் கூடாது. தைத்த பலகைப் படகு ஊறி அடைத்துக்கொள்ளும். பிளைவுட் படகு ஊறினால் அழுகும். உள்ளே சேரும் ஒவ்வொரு லிட்டரும் ஒரு கிலோ எடை. அது பின்னால் ஓடிச் சேர்ந்து, ஒன்றாம் பகுதியில் சொன்ன துள்ளலாகவும் வெளிப்படும்.

*நிறுத்தி வைக்கும்போதும் கசிகிறதா, ஓடும்போது மட்டுமா?*

நிற்கும்போதே கசிந்தால் வடிதுளை அடைப்பானையும் அதன் வாஷரையும் முதலில் பாருங்கள். சிரித்துவிட வேண்டாம், பாதி நேரம் அதுதான். அடுத்து, படகை மெத்தையிட்ட தாங்கிகளின் மேல் வைத்து, உள்ளே சில லிட்டர் தண்ணீர் மட்டும் ஊற்றி, முன்னும் பின்னும் சாய்த்து, வெளியே எங்கே ஈரம் பூக்கிறது என்று சுண்ணக்கட்டியால் குறியுங்கள். வாளி வாளியாக ஊற்றினால் அந்த எடையே மெல்லிய அடித்தளத்தைப் பிய்த்துவிடும்.

ஓடும்போது மட்டும் கசிந்தால் எங்கோ ஒரு இணைப்பு விரிந்து மூடுகிறது. ஒருவர் எஞ்சினின் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அசைக்க, மற்றவர் உள்ளிருந்து பின்பலகையும் அடித்தளமும் சேரும் இடத்தை விளக்கடித்துப் பார்க்க வேண்டும். மயிரிழை அகலத்தில் பிளவு திறந்து மூடுவது தெரிந்தால் அங்கே பசை விட்டுப்போயிருக்கிறது.

*எந்தப் பசை என்று கண்டுபிடித்த பிறகே பழுது பாருங்கள்.* கருஞ்சிவப்பு ஊதாக் கோடு தெரிந்தால் ரெசார்சினால் பசை. அது தண்ணீருக்கு அசையாது. விட்டுப்போயிருந்தால் கட்டியவர் போதிய அழுத்தம் கொடுக்கவில்லை என்றே எண்ண வேண்டும். வெளிறிய பழுப்புக் கோடு என்றால் யூரியாப் பசை. வெப்பத்திலும் ஈரத்திலும் காலப்போக்கில் நொறுங்கும் அது, ஒரு இடத்தில் விட்டிருந்தால் மற்ற இடங்களிலும் விடத் தயாராக இருக்கும். 1930-களின் படகுகளில் பாலிலிருந்து எடுக்கும் கேசீன் பசையும் உண்டு. அது ஈரத்தில் பூஞ்சை பிடித்து நாறும். எதுவாக இருந்தாலும் பழைய பசையைச் சுரண்டி, புது மரம் தெரியும்வரை கொண்டுபோனால்தான் எபாக்சி பிடிக்கும். பிளவின் மேல் எபாக்சியைத் தடவிவிட்டுப் போவது ஒரு கோடைக்குக்கூடத் தாங்காது.

*திருகாணி வரிசையோடு கசிகிறது என்றால்* ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். பித்தளைத் திருகாணி இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் அதிலுள்ள துத்தநாகம் கரைந்துபோய், செம்பின் கூடுதான் மிஞ்சியிருக்கிறது. திருப்பும்போதே தலை முறியும். அந்த வரிசை முழுவதையும் ஒரு அளவு பெரிய சிலிக்கான் வெண்கலத் திருகாணிகளாக மாற்றுங்கள். துருப்பிடிக்காத எஃகு என்ற பெயரை நம்பி அதை நீர்மட்டத்துக்குக் கீழே போட வேண்டாம். காற்றுப் புகாத ஈர மரத்துக்குள் அதுவும் அரிக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். விஸ்கான்சின் குளிரில் சூடேற்றிய கார் கொட்டகையில் நாலைந்து மாதங்கள் இருந்த படகின் மரம் காய்ந்து சுருங்கி, திருகாணிகள் தளர்ந்திருக்கும். அவற்றை மார்ச் மாதத்தில் முழுப் பலத்தோடு இறுக்கினால், கோடை ஈரத்தில் மரம் விரியும்போது தலைகள் பிளைவுட்டுக்குள் புதைந்துபோகும். மெதுவாகப் பிடிக்கும்வரை மட்டும் திருப்பி, படகைச் சூடேற்றாத இடத்துக்கு மாற்றுங்கள்.

8. எஞ்சின் சற்று நேரம் ஓடி வலுவிழக்கிறது

*ஒரே அளவு நேரம் ஓடி, நின்று, சற்றுப் பொறுத்ததும் மீண்டும் ஓடுகிறது என்றால்* எரிபொருள் தொட்டி மூடியின் காற்றுத் திருகு மூடியிருக்கிறது. திறந்திருந்தால் வடிகட்டியையும் குழாயையும் பாருங்கள். 1950-களின் அழுத்தத் தொட்டி என்றால் மூடியின் கேஸ்கெட் காற்றை விடுகிறதா என்று சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கலாம். பெட்ரோல் அழுத்தத்தில் இருக்கும் பொருள் அது என்பதால் கசிவு தெரிந்தால் ஓட்டவே கூடாது.

*கார்புரேட்டர் நிரம்பி வழிகிறது என்றால்* தக்கை மிதவையைப் பாருங்கள். அந்தக் காலத் தக்கை மிதவைகளுக்கு அரக்குப் பூச்சு உண்டு. இன்று அமெரிக்கப் பெட்ரோல் நிலையங்களில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் அந்தப் பூச்சைக் கரைத்துவிடும். தக்கை ஊறி மூழ்கும். எத்தனால் கலக்காத பெட்ரோலைத் தேடி வாங்குங்கள். எண்ணெய்க் கலவையைத் தற்கால எஞ்சின்களின் 50-க்கு 1 என்ற கணக்கில் ஊற்ற வேண்டாம். அந்த எஞ்சினின் கையேடு சொல்லும் அளவையே பின்பற்றுங்கள். அது பலமடங்கு செறிவாக இருக்கும்.

*சூடான பிறகு ஒரு சிலிண்டர் விடுகிறது என்றால்* இரண்டு பிளக்குகளையும் கழற்றிப் பாருங்கள். ஈரமாக இருப்பதே வேலை செய்யாத சிலிண்டர். புது பிளக், பிறகு பிளாட்டினம் பாயிண்டைச் சுத்தம் செய்து இடைவெளியைச் சரிபார்த்தல் (பல ஜான்சன், எவின்ரூட் எஞ்சின்களில் 0.020 அங்குலம்), பிறகு கண்டென்சர், கடைசியாகக் காயில் என்ற வரிசையில் போங்கள். அழுத்தமானியில் சிலிண்டர்களுக்கிடையே பத்து விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு தெரிந்தால் மின்பகுதியில் இனித் தேட வேண்டாம். உள்ளே வளையமோ பிஸ்டனோ போயிருக்கிறது.

*கரையில் சோதிக்கும்போதே சூடேறுகிறது என்றால்* எதையும் கழற்றாதீர்கள். பந்தயக் கீழ்ப்பகுதிகள் பலவற்றில் தண்ணீர் பம்ப் கிடையாது. படகின் வேகமே தண்ணீரை உள்ளே தள்ளும். வாளியில் வைத்து ஓட்டினால் அது சூடேறியே தீரும். சில நொடிகளில் நிறுத்திவிடுங்கள்.

காந்தம் வலுவிழந்த மேக்னெட்டோ (பிளக்குக்கு மின்சாரம் தரும் கருவி), ஒலி எழுப்பும் பல்சக்கரம், பிடித்துக்கொண்ட கிராங்க் ஆகிய மூன்றும் வல்லுநர் வேலை. 1965 முதல் இயங்கிவரும் பழங்கால அவுட்போர்டு மோட்டார் சங்கத்தின் உறுப்பினர்களிடையே இவற்றைச் செய்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பக்கத்து ஊர் படகுக் கடையில் கொடுத்த ஒரு மேக்னெட்டோ, மூன்று மாதம் கழித்து, இழுக்கக் கூடாத இடத்தில் இழுத்துப் பிளந்த சக்கரத்தோடு எங்களிடம் திரும்பி வந்தது. கொடுத்தவர் நானேதான்.

9. தட்டினால் ‘பொத்’தென்று ஒலிக்கிறது

பிளாஸ்டிக் சுத்தியலால் பின்பலகையையும் அடித்தளத்தையும் கைப்பிடி அகலத்துக்கு ஒரு தட்டாகத் தட்டிவாருங்கள். நல்ல மரம் ‘டக்’கென்று சொல்லும். ஒலி மங்கும் இடத்தில், வெளியே தெரியாத மறைவான பக்கத்தில், கூரிய குத்தூசியை அழுத்துங்கள். தானாக உள்ளே போனால் அழுகல். எஞ்சின் பிடியின் திருகுகள் அழுத்தும் இடம், மேல்விளிம்பின் திறந்த பிளைவுட் முனை, வடிதுளையின் சுற்று ஆகிய மூன்றும் முதல் சந்தேகத்துக்குரியவை. மழைத் தண்ணீர் மூக்குப்பக்கம் தேங்கும்படி சாய்த்து நிறுத்தப்பட்ட படகில் முன் சட்டங்களையும் பாருங்கள்.

அழுகல் கையகலத்துக்குள் இருந்தால், நல்ல மரம் வரை வெட்டி எடுத்து, ஒன்றுக்கு எட்டு என்ற சரிவில் சீவி, அதே கனமுள்ள மரைன் பிளைவுட்டை ஒட்டலாம். அழுகலை உறிஞ்சி இறுக்கிவிடும் என்று விற்கப்படும் நீர்த்த எபாக்சியை எஞ்சின் தொங்கும் பின்பலகையில் நான் நம்பமாட்டேன். பின்பலகையில் திருகு அழுத்தும் இடம் போயிருந்தால் பலகை முழுவதையும் மாற்ற வேண்டும். அதைத் தாங்கும் முழங்கால் வடிவ மூலைச் சட்டங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதால், முதன்முறை செய்பவர் அனுபவமுள்ளவரை அருகில் வைத்துக்கொள்வது நல்லது.

10. வார்னிஷ் குமிழ்விடுகிறது, மேல்தளம் தொய்கிறது

குமிழைக் கீறிப் பார்த்தால், அடியில் மரம் கறுத்திருந்தால் ஈரம் உள்ளிருந்து வருகிறது. ஏழாம் பகுதிக்குத் திரும்புங்கள். கறுக்கவில்லையென்றால் பூச்சு மட்டும்தான் பழசாகியிருக்கிறது. பழைய படகுகள் சிலவற்றின் மேல்தளம் மரமே அல்ல, விமான இறக்கைகளைப் போலத் துணியை இழுத்துக் கட்டி, அதை இறுக்கும் டோப் என்ற பூச்சைப் பூசியது. அது தொய்ந்திருந்தால் மெல்லிய பிளைவுட்டைப் போட்டு மூடிவிடத் தோன்றும். அப்படிச் செய்தால் மேலே எடை கூடி, படகின் நடத்தையும் மாறும். துணியையே மாற்றுங்கள்.

பக்கப் பலகையில் கையால் எழுதிய பந்தய எண், வகுப்பு எழுத்து, மங்கிய பெயர் ஆகியவை இருந்தால் தேய்ப்புத்தாளை எடுக்கும் முன் நிறுத்துங்கள். ஓட்டத்துக்கு அவற்றால் எந்தக் குறையும் இல்லை. எல்லாப் பக்கத்தையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து, எழுத்துகளின் அளவை மெல்லிய தாளில் பிரதி எடுத்து வைத்துவிட்டு, சுற்றியுள்ள பகுதிக்கு மட்டும் வார்னிஷ் பூசுங்கள். அந்த எழுத்துகளை நீக்கிவிட்டுப் புதிதாக எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வருபவர்களுக்கு, அதே வடிவத்தில் ஒரு புதுப் படகைக் கட்டி அதில் எழுதிக்கொள்ளும்படி நண்பர் சொல்லிவிடுவார். பத்தடி ரன்னபவுட்டுக்கு வேண்டிய பிளைவுட் ஒரு சாதாரண வண்டியின் கூரையிலேயே வந்துவிடும்.